நூற்றுக்கு எத்தனை உறுதி

"ராத்திரி தூங்குறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"தூங்குது சார்" என்றார் அமிர்தலிங்கம்.

"மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிறாங்களா?"

"என் சம்சாரம் கையில வச்சிருந்து குடுத்துடுவா சார். வேலைன்னு பாத்தா ஒண்ணும் கிடையாது. சும்மா உக்காந்திருக்கும். ஒண்ணும் தெரியாது சார் அதுக்கு."

யாரைப் பற்றி இந்தப் பேச்செல்லாம் நடந்ததோ அந்த மங்களாம்பிகை, பேசிய இருவருக்கும் நடுவில் கிடந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு வயது. காது நன்றாகக் கேட்கும். பத்து வருடமாக மாதம் ஒருமுறை குடவாசலிலிருந்து கும்பகோணம், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் என்று இரண்டு பஸ் மாறி இந்த மனநல மருத்துவமனைக்கு வருகிறாள். அதற்குள் டாக்டர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். கேள்விகள் மட்டும் மாறவில்லை. அவை அவளைத் தாண்டி அண்ணனிடமே போய்ச் சேர்வதும் மாறவில்லை.

அன்றைக்கு என்ன வந்ததோ, உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தாள். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது.

"என்னைக் கேளுங்க சார். தூங்குறது நான். அது அவருக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. உருண்டு வந்த பேனாக்களில் ஒன்றை எடுத்து, கோப்பில் 'எரிச்சல் அதிகம்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிப்பது மங்களத்துக்கு வேலை பார்த்த காலத்திலேயே வந்த பழக்கம்.

பிறகு அமிர்தலிங்கத்தைப் பார்த்தே சொன்னார். "இந்த வியாதியில தன்னைத் தானே எடை போடுறது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பேஷண்ட் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. அதுக்குன்னே இங்க ஒரு பயிற்சி ஆரம்பிச்சிருக்காங்க. டேப் கம்ப்யூட்டர்ல பண்றது. பன்னெண்டு வாரம். சேத்து விடுறீங்களா?"

"நான் சேர்றேன்" என்றாள் மங்களம். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இந்தக் கோபம் அவளோடு கூடப் பிறந்ததல்ல. குடவாசலில் ஒரு பத்திர எழுத்தரிடம் ஆறு வருடம் டைப் அடித்தவள் அவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். கிரயமோ, செட்டில்மென்டோ, பாகப்பிரிவினையோ, அவசரமென்று வந்த பத்திரமெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். இருபத்தேழாவது வயதில் அந்தப் பத்திரங்கள் அவளிடம் பேச ஆரம்பித்தன. 'வடக்கில் பாசன வாய்க்கால், தெற்கில் இன்னாருடைய நஞ்சை' என்று அடித்துக்கொண்டு போகும்போதே, அந்த நான்கு எல்லைக்குள் தன் பெயரை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. சந்தேகமே இல்லை. கையில் ஐந்து விரல் இருப்பது தெரிவதுபோலத் தெரிந்தது. ஒருநாள், முகம் தெரியாத ஒருவருடைய கிரயப் பத்திரத்தில் 'கிழக்கில் மங்களாம்பிகையின் இடம்' என்று ஒரு வரியைச் சேர்த்து அடித்துவிட்டாள். பதிவுக்குப் போன இடத்தில் அது பிடிபட்டது. வேலை போயிற்று. பேசி வைத்திருந்த கல்யாணமும் போயிற்று. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வெளியே வந்தபோது, வீட்டில் அவள் 'அது' ஆகியிருந்தாள்.

அடுப்புப் பக்கம் போகக்கூடாது. தனியாகக் கடைத்தெருவுக்குப் போகக்கூடாது. செல்போன் கூடாது. ஒண்ணும் தெரியாது என்றார் அண்ணன். எல்லாம் அப்படியே இருக்கிறது, விரலில் பழைய வேகம் ஒரு சொட்டுக் குறையவில்லை, இவர்கள்தான் என்னை அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்றாள் அவள். பத்து வருடம் இந்த இரண்டு பேச்சும் ஒரே வீட்டுக்குள் முட்டிக்கொண்டு கிடந்தன. எது உண்மை என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவள் ஸ்ம்ருதி. சென்னையில் உளவியல் படித்துவிட்டு வந்த இருபத்தாறு வயதுப் பெண். டேப்பைக் கையில் கொடுத்து, "ரொம்ப சிம்பிள் மேடம்" என்று ஆரம்பித்தாள். திரையின் ஒருபக்கம் ஒரு விண்ணப்பம் வரும். அதைப் பார்த்து மறுபக்கம் அடிக்க வேண்டும், குறிப்பிட்ட நேரத்துக்குள். இருபது முடிந்ததும் டேப் நின்றுவிடும். எத்தனை சரியாக அடித்திருப்பீர்கள், நூற்றுக்கு எத்தனை உறுதி என்று கேட்கும். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் உண்மையான மதிப்பெண் வரும்.

மங்களம் அடித்தாள். விரல்கள் பறந்தன. பத்தொன்பது என்றாள். நூறு உறுதி என்றாள்.

பதினொன்று என்றது டேப்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம், முதல் தடவை எல்லாருக்கும்..." என்று ஸ்ம்ருதி சொல்லி முடிக்கவில்லை.

"உங்க மெஷினை எங்க அண்ணன் செட் பண்ணிக் குடுத்தாரா?" என்று கத்திவிட்டு எழுந்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டேப்பைப் பையில் திணித்து ஸ்ம்ருதிதான் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தாள். வீடு வரைக்கும் இரண்டு பஸ்ஸிலும் மங்களத்துக்குக் கன்னம் கொதித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவள் செய்த காரியம் ஸ்ம்ருதி சொல்லிக்கொடுத்ததல்ல. அந்த எந்திரத்தைப் பொய்யென்று நிரூபிக்க உட்கார்ந்தாள். முதலில் இருபதையும் வேண்டுமென்றே தப்பாக அடித்தாள். சைபர் என்றது. அடுத்து, மூன்றை மட்டும் தப்பாக அடித்து, எந்த மூன்று என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். டேப் ஐந்து தப்பு காட்டியது. மாட்டிக்கொண்டாய் என்று பல்லைக் கடித்தபடி, விண்ணப்பத்தில் இருந்ததையும் தான் அடித்ததையும் வரி வரியாகத் தாளில் எழுதி ஒப்பிட்டாள். அவள் அறியாமல் இரண்டு தப்பு நடந்திருந்தது. ஒன்றில் 57 என்பது 75. இன்னொன்றில் 38 என்பது 83.

எந்திரம் பொய் சொல்லவில்லை.

தாளைக் கசக்கி எறிந்தாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரி ஒரு கோபம் உலகத்தில் இல்லை. சரியாக அடிக்கும்போது மனசுக்குள் ஒரு திடம் வருமே, தப்பாக அடித்தபோதும் அதே திடம்தான் வந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. அப்படியானால் இத்தனை வருடமாக எதை நம்பி அண்ணனோடு சண்டை போட்டாள்?

ஆனால் டேப்பைத் தூக்கி எறியவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம், அதை ஜென்மப் பகையாளி மாதிரி எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினாறு என்பாள், பன்னிரண்டு வரும். பதினைந்து என்பாள், பதினான்கு வரும். வாரங்கள் போகப் போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. பெயர்களில் அவளுக்குத் தப்பே வருவதில்லை. எண்களில் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறிவிடுகிறது. அறையில் யாராவது பேசினால் தப்பு கூடுகிறது. மத்தியான மாத்திரைக்குப் பிறகு இன்னும் கூடுகிறது. ஒண்ணும் தெரியாது என்பதும் பொய், எல்லாம் அப்படியே இருக்கிறது என்பதும் பொய் என்று கையில் விவரம் சேர்ந்தது.

ஆறாவது வாரத்தில் முகங்கள் வந்தன. ஒரு முகத்தைக் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்கும். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, வாய் லேசாக இழுத்தபடி, கண்ணைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கேலி' என்று அழுத்தினாள் மங்களம். நூறு உறுதி. அந்த மூஞ்சியை அவளுக்குத் தெரியாதா? பத்து வருடமாகத் தினமும் சோறு போடும்போது அண்ணி ஈஸ்வரியிடம் பார்த்த மூஞ்சிதானே?

'பயம்' என்றது டேப்.

கொல்லைப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரியிடம் நேரே போய் நின்றாள்.

"அண்ணி, என்னைப் பாத்து சிரிப்பீங்களா, பயப்படுவீங்களா?"

ஈஸ்வரியின் கை நின்றது. "என்ன மங்களம் திடீர்னு?"

"சொல்லுங்க. கோச்சுக்க மாட்டேன்."

"பயம்தான்" என்றாள் ஈஸ்வரி, தலையைத் தூக்காமல். "மொத மொத உடம்பு சரியில்லாம போனப்ப என் கழுத்தைப் பிடிச்சே. நினைவிருக்கா? அன்னிலேருந்து பயம்தான்."

நினைவில்லை. கழுத்தைப் பிடித்தது மங்களத்துக்கு நினைவில்லை. ஆனால் இந்தச் சிரிப்புக்காக எத்தனை நாள் தட்டை விசிறி அடித்திருக்கிறாள் என்பது நினைவிருந்தது. இதை ஏன் இவள் முன்னாலேயே சொல்லித் தொலைக்கவில்லை என்று அதற்கும் கோபம் வந்தது. மறுநாளிலிருந்து மாத்திரையை மட்டும் ஈஸ்வரி கையிலிருந்து வாங்காமல் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஈஸ்வரியும் தடுக்கவில்லை.

கார்த்திகை பிறக்கும் சமயம். சம்பாப் பயிருக்குக் காப்பீடு பதிய அமிர்தலிங்கம் யாருக்கோ போனில் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். "சர்வே நம்பர் நூத்தி நாப்பத்து மூணு."

"நூத்தி முப்பத்து நாலு" என்றாள் மங்களம்.

"உனக்கு என்ன தெரியும்? போ அந்தப் பக்கம்."

"எம்பது உறுதி எனக்கு. சிட்டாவை எடுத்துப் பாத்துடுங்க. நீங்க எத்தனை உறுதி?"

"எத்தனை உறுதியா? நான் உழுற நிலம்டி அது! நூறு!" என்று போனை வைத்துவிட்டு, பீரோவிலிருந்து சிட்டாவை எடுத்துவந்து அவள் மூக்குக்கு நேரே விரித்தார்.

143.

அமிர்தலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா, கம்ப்யூட்டர் பயிற்சி! தஞ்சாவூருக்கும் இங்கேயுமா அலைஞ்சு கத்துக்கிட்டு வந்த லட்சணம்!"

"தப்புதான்" என்றாள் மங்களம். "என் தப்புதான். எண் மட்டும் எனக்கு மாறிப்போகும், அதனாலதான் எம்பதுன்னேன். எம்பதுன்னா அஞ்சுல ஒண்ணு தப்பா இருக்கும்னு அர்த்தம். இது அந்த ஒண்ணு. நீங்க என்னிக்காவது நூறுக்குக் கீழ சொல்லியிருக்கீங்களா? போன வருஷம் மழை வராதுன்னு நூறு. ரெண்டாம் போகம் தாளடி வேணாம்னு நூறு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பத்து வருஷமா நூறு. ஒரு தடவையாவது சிட்டா எடுத்துப் பாத்தீங்களா?"

சிரிப்பு நின்றது. "வாய் நீளுது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார் அமிர்தலிங்கம்.

அவரைப் போகவிட்டு, மங்களம் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம், கூத்தாநல்லூர்க்காரர் அப்துல் மஜீது நடத்தும் இன்டர்நெட் சென்டர் இருக்கிறது. காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கியதால் வாசல்வரைக்கும் கூட்டம். 'டைப் அடிக்க ஆள் தேவை' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"நாளைக்கு அண்ணனை வரச் சொல்லும்மா, பேசிக்கலாம்" என்றார் மஜீது. குடவாசலில் அவளைத் தெரியாதவர்கள் யார்?

"டைப் அடிக்கப்போறது அண்ணனா?"

"அதுக்கில்லம்மா..."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும் பாய். பைத்தியம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வியாதி இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். பேர்ல தப்பு வராது. நம்பர்ல வரும், அதை இன்னொருத்தர் சரிபாக்கணும். காலையில பத்துக்கு ஒண்ணு தப்பும். மத்தியானத்துக்கு மேல பத்துக்கு மூணு, அதனால மத்தியானம் வர மாட்டேன். வேணும்னா இப்பவே குடுத்துப் பாருங்க."

மஜீது பத்து விண்ணப்பங்களை எடுத்து நீட்டினார். அடித்து முடித்ததும், "ஒன்பது சரியா இருக்கும்" என்றாள். மஜீது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

"எட்டு."

"ஒண்ணு கூடச் சொல்லிட்டேன்" என்றாள் எரிச்சலோடு.

மஜீது கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் இந்த சீட்ல ஒருத்தன் உக்காந்திருந்தான். தப்பே வராது பாய்னான். எத்தனை பேர் வந்து என் சட்டையைப் பிடிச்சாங்கன்னு எனக்குத்தான் தெரியும்." பிறகு உள்ளே திரும்பி, "பத்து மணிக்கு வந்துடு. ஒரு மணிக்குக் கிளம்பிடு. நம்பரை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அமிர்தலிங்கம் கத்தியும் அவள் தினமும் கடைக்குப் போனாள். பன்னிரண்டு வாரம் முடிந்த அன்று ஸ்ம்ருதி டேப்பைத் திரும்பக் கேட்டாள்.

"அப்புறம்?" என்றாள் மங்களம்.

"ஆய்வு முடிஞ்சிடுச்சு மேடம். திட்டமே அவ்வளவு நாளுக்குத்தான். உங்களுக்கு ரொம்ப நல்ல முன்னேற்றம்."

"முன்னேற்றம்னா இன்னும் குடுக்கணும். பிடுங்கிக்கிட்டா போவாங்க? எங்களை வச்சு எழுதவேண்டியதை எழுதிக்கிட்டீங்க. எங்களுக்கு என்ன?"

"மேல எழுதிப் போட்டிருக்கேன்..."

"என் மார்க்கையாவது குடுங்க."

"அது வெளிய குடுக்க அனுமதி இல்ல மேடம்."

"வெளியவா?" மங்களத்தின் சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. "நான் வெளி ஆளா? என் மார்க்கு, என் தப்பு, என் மண்டை. எனக்குத் தராம யாருக்குடி தருவீங்க?"

ஸ்ம்ருதிக்கு முகம் சிவந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து, பன்னிரண்டு வாரக் கணிப்பையும் மதிப்பெண்ணையும் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். யாரிடமும் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. மங்களம் நன்றி சொல்லவில்லை. தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் கும்பகோணத்தில் இறங்கி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். டேப் இல்லாவிட்டால் போகிறது. மஜீது கடையில் அன்றன்றைக்கு எத்தனை அடித்தாள், எத்தனை சரி என்று நினைத்தாள், எத்தனை உறுதி, மஜீது பார்த்துச் சொன்னது எத்தனை என்று நாலு கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

தை, மாசி அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைனில் பதிய வேண்டும் என்று கடையில் விவசாயிகள் மொய்த்தார்கள். மஜீது கெஞ்ச, அவள் மத்தியானத்திலும் உட்கார்ந்தாள். மாத்திரை இரண்டு வேளை தவறியது. மாசிக் கடைசியில் ஒருநாள், மூலையிலிருந்த பிரின்டர் ஓடும் சத்தத்தில் தன் பெயர் கேட்டது. வெளியே வந்து விழும் அடங்கல் என்ற பயிர்க் கணக்கு நகல்களில் தன் பெயர் இருப்பது தெரிந்தது. சந்தேகமே இல்லை.

அன்று நோட்டில் 'உறுதி' கட்டத்தில் நூறு என்று எழுதிவிட்டு, மேலே பார்த்தாள். முந்தின நாளும் நூறு. அதற்கு முந்தின நாளும் நூறு. ஐந்து நாளாக ஒரே நூறு. மஜீது பார்த்துச் சொன்ன எண்களோ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்து, பத்துக்கு ஆறு என்று கிடந்தன.

நோட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். மஜீது மாற்றி எழுதியிருப்பார் என்று தோன்றியது. போய் எடுத்தாள். எல்லாம் அவளுடைய கையெழுத்து. பிரின்டரில் தன் பெயர் ஓடுவது இப்போதும் அவளுக்கு நிச்சயமாகத்தான் தெரிந்தது. அந்த நிச்சயத்தைக் கண்டுதான் அவளுக்குப் பயம் வந்தது. மறுபடியுமா என்று ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"பாய், நாளையிலேருந்து வர மாட்டேன். உடம்புக்கு வருது. இந்த அஞ்சு நாள்ல நான் அடிச்சது எல்லாத்தையும் திரும்பப் பாத்துடுங்க. பேரையும் பாருங்க."

அமிர்தலிங்கம் களத்தில் நெல்லோடு கிடந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மங்களம் ஈஸ்வரியிடம் போய், "அண்ணி, வருது. தஞ்சாவூர் போகணும். கூட வாங்க. பயமா இருந்தா ஜன்னல் ஓரம் நான் உக்காந்துக்கறேன், நீங்க தள்ளி உக்காருங்க" என்றாள். ஈஸ்வரி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உடனே கிளம்பினாள். பஸ்ஸில் தள்ளி உட்காரவில்லை.

டாக்டர் நோட்டைப் பத்து நிமிஷம் புரட்டினார். மாத்திரையை மாற்றினார். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், இவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லை என்றார். பதினோரு நாள் மங்களம் சுருண்டு கிடந்தாள். நெல்லைப் போட்டுவிட்டு வந்த அமிர்தலிங்கம், தனக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதற்காக இரண்டு நாள் குதித்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியவே இல்லையே ஈஸ்வரி. நல்லாத்தான இருந்துது?" என்றார். உள்ளே படுத்திருந்த மங்களத்துக்கு அது கேட்டது.

பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போனபோது, அவள் இடத்தில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். மஜீது சங்கடத்தோடு, மூலையில் பிரின்டருக்கு அடுத்த நாற்காலியைக் காட்டினார். "சீசன்மா, ஆள் போட வேண்டியதாப் போச்சு. இங்க உக்காந்துக்கயேன்."

"இங்க உக்கார முடியாது பாய்."

"எல்லாம் ஒரே சீட்டுதானம்மா."

"உங்களுக்கு ஒரே சீட்டு. இந்தச் சத்தத்துல எனக்குப் பத்துக்கு ஆறு வரும். அந்த இடத்துல ஒன்பது வரும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. ஆறு வேணும்னா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" காத்திருந்த விவசாயிகளுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

மஜீது தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ முணுமுணுத்தபடி குனிந்து பிரின்டரின் ஒயரைப் பிடுங்கி, அதைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். மங்களம் அந்த மூலை நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, முதல் விண்ணப்பத்துக்குக் கையை நீட்டினாள்.